நிரந்தர ஊழியர்களுக்குப் பதிலாகப் பகுதிநேர, தற்காலிக ஊழியர்களை வைத்துக்கொள்வது சிறு கடைக்காரருக்குக் கட்டுப்படியாகுமா?

கும்பகோணத்தில் ஆறு நிரந்தர ஊழியர்களுடன் ஒரு ஜவுளிக் கடை நடத்தி வருகிறேன். அவர்களுக்குத் துணையாக வைத்துக்கொண்டால் கட்டுப்படியாகும். கேள்வியில் உள்ளபடி 'பதிலாக' வைத்தால் கட்டுப்படியாகாது என்பதே என் அனுபவம்.

ஜவுளி வியாபாரம் ஆண்டு முழுவதும் ஒரே சீராக ஓடுவதில்லை. ஆடித் தள்ளுபடியிலும் தீபாவளிக்கு முந்தைய வாரங்களிலும் கடைக்குள் நிற்க இடமிருக்காது. இடைப்பட்ட மந்தமான நாட்களில் மடித்த புடவையையே மறுபடி மடித்துக்கொண்டிருப்போம். அந்தக் கூட்டத்துக்கு ஏற்ற எண்ணிக்கையில் ஆண்டு முழுவதும் சம்பளம் கொடுக்க என் போன்றவர்களால் இயலாது.

முதன்முறை தீபாவளிக்குப் பத்து நாட்கள் முன்பு எட்டுப் பேரைச் சேர்த்து, எல்லோரையும் விற்பனைக்கு நிறுத்திவிட்டேன். கைத்தறிக்கும் விசைத்தறிக்கும் வேறுபாடு தெரியாத அவர்கள், வாடிக்கையாளர் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் பழைய ஊழியர்களைத் தேடி ஓடினார்கள். பழையவர்கள் தங்கள் முன் அமர்ந்திருந்தவர்களை விட்டுவிட்டு எழுந்து போனார்கள். எட்டுப் பேரின் கூலியைவிட அப்படிக் கைநழுவிப் போன வியாபாரமே பெரிய நட்டம். இப்போது தற்காலிக ஊழியர்களுக்கு விரித்த புடவைகளை மடித்து உரிய அடுக்கில் வைப்பது, பை போடுவது, பில்லைச் சரிபார்த்துப் பொருளைக் கொடுப்பது ஆகிய வேலைகள் மட்டுமே. கூட்டம் தொடங்குவதற்கு முன்பே இரண்டு நாட்கள் கூலி கொடுத்து வரவழைத்து, எந்த ரகம் எந்த அலமாரியில் இருக்கிறது என்று பழக்கிவிடுகிறேன். இயன்றவரை சென்ற ஆண்டு வந்தவர்களையே மீண்டும் அழைக்கிறேன். இன்றைய ஆறு நிரந்தர ஊழியர்களில் இருவர் அப்படி வந்தவர்கள்தாம்.

பகுதிநேர ஊழியர் விஷயம் வேறு. எங்களுக்கு வியாபாரமே மாலை ஐந்தரை மணிக்கு மேல்தான் என்பதால், அந்த மூன்றரை மணி நேரத்துக்கு மட்டும் பி.காம். படிக்கும் ஒரு மாணவி பில் போட வருகிறார். என் கணக்கில் உண்மையான நெகிழ்வு இதுதான். செமஸ்டர் தேர்வு நாட்களில் அவர் வரமாட்டார் என்பதை முன்கூட்டியே பேசிக்கொண்டுவிட வேண்டும், அவ்வளவே.

தற்காலிகம் என்பதால் சட்டம் பொருந்தாது என்று சிலர் நினைப்பது தவறு. 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் சட்டப்படி நாளொன்றுக்கு 8 மணி நேரமே வேலை. மிகைநேரத்தைச் சேர்த்தாலும் 10 மணி நேரத்தைத் தாண்டக்கூடாது, அந்த மிகைநேரத்துக்கு இரட்டிப்பு ஊதியம் தர வேண்டும். உட்கார இருக்கை தருவது 2021ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் கட்டாயம். மொத்த ஊழியர் எண்ணிக்கை 20ஐ நெருங்கினால் வருங்கால வைப்பு நிதி, போனஸ் ஆகியவை பற்றி உங்கள் ஆடிட்டரிடம் கேட்டுவிடுங்கள். போனஸ் பெறும் தகுதிக்கு ஓராண்டில் 30 வேலை நாட்கள் போதும் என்பதால், ஆடியிலும் தீபாவளியிலும் வந்துபோகும் ஒருவர் அதை எளிதில் எட்டிவிடுவார்.

கூலியை அன்றன்றைக்கே கொடுத்துவிடுவது நல்லது. ஒருமுறை கடைசி வாரக் கூலியைத் தீபாவளி கழிந்து தருவதாகச் சொல்லிவிட்டேன். அடுத்த ஆண்டு நான் அழைத்தபோது அவர்களில் பாதிப் பேர் வரவில்லை.