தைராய்டு புற்றுநோய்: அயோடின் சிகிச்சை தள்ளிப்போகிறது, பி.எஃப். பணத்தில் கை வைக்கலாமா?

கேள்வி: வயது 38. கோவையில் தனியார் வேலை. மார்ச் 2021-ல் பாப்பிலரி தைராய்டு புற்றுநோய்க்கு ஆபரேஷன் முடிந்தது. மிச்சமிருக்கும் தைராய்டு செல்களை அழிக்கும் கதிரியக்க அயோடின் சிகிச்சை ஊரடங்கால் தள்ளிப்போகிறது. ஆபீஸ் குரூப் மெடிக்ளெய்ம் 5 லட்சம்; 2019-ல் எடுத்த கிரிட்டிக்கல் இல்னஸ் பாலிசி (பெரிய நோய் வந்தால் மொத்தத் தொகை தருவது) 10 லட்சம். இந்த 10 லட்சம் வருமா? கொரோனா அட்வான்ஸாக பி.எஃப். எடுக்கலாமா? கணவருக்கு வேலை போய்விட்டது.

பதில்: பி.எஃப். பக்கம் போகும் முன் பயாப்ஸி ரிப்போர்ட்டைக் கையில் எடுங்கள், சகோதரி. ஆபரேஷனுக்குப் பின் தந்த ரிப்போர்ட்டின் முடிவில் டி (கட்டி), என் (நெறிக்கட்டி) என்று இரண்டு எழுத்துகளும் அவற்றின் பக்கத்தில் எண்களும் இருக்கும். உங்கள் 10 லட்சம் அங்கேதான் இருக்கிறது. இன்றைய பாலிசிகளில் 'டி1 என்0 எம்0' நிலைத் தைராய்டு புற்றுநோய்க்குப் பணம் கிடையாது. அதாவது கட்டி 2 செ.மீ.க்குள், சுரப்பியைத் தாண்டவில்லை, நெறிக்கட்டிக்கும் உடலின் மற்ற இடங்களுக்கும் (எம்) பரவவில்லை என்றால் க்ளெய்ம் நிற்காது. கட்டி 2.3 செ.மீ. என்றால் டி2, கழுத்து நெறிக்கட்டியில் பரவியிருந்தால் என்1. இந்த இரண்டில் ஒன்று இருந்தாலும் உடனே விண்ணப்பியுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியில் வெறுமனே 'தைராய்டு புற்றுநோய்' என்று எழுதியிருந்தால் காப்பீட்டு கம்பெனி கேள்வி மேல் கேள்வி கேட்கும். அறுவை மருத்துவரிடம் நிலையையும் சேர்த்து எழுதி வாங்குங்கள்.

அடுத்தது அயோடின். டோஸ் 30 மில்லிகியூரிக்கு (கதிரியக்க அளவு) மேல் போனால் தனி அறையில் அட்மிட் செய்வார்கள். 24 மணி நேரம் தாண்டினால் மெடிக்ளெய்ம் சுலபம். அதற்குக் கீழே கொடுத்து அன்றே அனுப்பிவிட்டால் 'அட்மிஷன் இல்லை' என்று தள்ளக்கூடும். டே கேர் (அன்றே வீடு திரும்பும் சிகிச்சை) பட்டியலில் வருமா என்று க்ளெய்மைக் கவனிக்கும் டி.பி.ஏ. நிறுவனத்திடம் ஈமெயிலில் கேளுங்கள். தனி அறை வாடகை பாலிசி வரம்பைத் தாண்டினால் மற்ற செலவுகள் சிலவற்றையும் அதே விகிதத்தில் வெட்டக்கூடும், அதையும் கேளுங்கள். ஹார்மோன் மாத்திரையை 3, 4 வாரம் நிறுத்தாமலிருக்கப் போடும் இரண்டு ஊசிகள் விலை அதிகம். முன் அனுமதி இல்லாமல் வாங்காதீர்கள். அயோடின்-131 எட்டு நாளில் பாதியாகிவிடும். ஆகவே வரவழைத்த டோஸை அடுத்த மாதத்துக்கு வைக்க முடியாது. சேரும் நாள் தள்ளிப்போனால் கட்டிய பணம் திரும்புமா என்று மருத்துவமனையிடம் எழுதிக் கேளுங்கள். குரூப் பாலிசி புதுப்பிக்கும் தேதியையும் பாருங்கள். ஆபரேஷனில் பெரும்பகுதி தீர்ந்திருந்தாலும் புது ஆண்டில் முழு 5 லட்சம் மறுபடி கிடைக்கும்.

பி.எஃப்.: 2021-ல் கொரோனா அட்வான்ஸாக மூன்று மாத அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும், அல்லது இருப்பில் 75%, எது குறைவோ அது கிடைத்தது; 2024 ஜூனில் அது நிறுத்தப்பட்டுவிட்டது. புற்றுநோய்க்கான மருத்துவ அட்வான்ஸ் 2021 விதிப்படி ஆறு மாத அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் வரை, அல்லது உங்கள் பங்கும் வட்டியும், எது குறைவோ அது. சிகிச்சைக்கென்றால் இரண்டாவதுதான் பொருத்தம். கொரோனா அட்வான்ஸ் அன்று வீட்டுச் செலவு முட்டும்போது எடுக்க ஏற்றதாக இருந்தது. இரண்டும் ஓய்வுக்காலப் பணம்தான், காப்பீடு கொடுத்தது போக மீதிக்கு மட்டும் எடுங்கள்.

பழைய வருமான வரி முறையில் இருந்தால், நோய்ச் சிகிச்சைச் செலவுக்கான 80டிடிபி பிரிவில் வருமானத்திலிருந்து 40,000 ரூபாய் வரை கழிக்கலாம். புற்றுநோய் நிபுணரின் மருந்துச்சீட்டு தேவை. காப்பீட்டில் வந்த தொகை அதில் கழியும்.

கணவருக்கு வெளியூரில் வேலை கிடைத்தாலும் அவசரப்பட்டு உங்கள் வேலையை விடாதீர்கள். வேலையை விட்டால் குரூப் பாலிசியும் போய்விடும்; இந்த நோய்க்குப் பின் புதிய பாலிசி கிடைப்பது மிகக் கடினம். விட்டே ஆக வேண்டுமென்றால், ராஜினாமாவுக்கு முன்பே குரூப் பாலிசியை அதே காப்பீட்டு கம்பெனியின் தனிநபர் பாலிசியாக மாற்ற எழுத்தில் விண்ணப்பியுங்கள்.