பீட்டா போட்டாச்சு, பழையபடி ஆக்க முடியுமா?

இயங்குதளத்தின் சோதனைப் பதிப்பை, அதாவது பீட்டாவை, போட்டுப் பார்த்துவிட்டு, திரும்பி வர வழி கேட்டு எழுதியிருக்கும் வாசகர்களுக்கு இந்த முறை பதில்.

கேள்வி: ஆப்பிள் சிலிக்கான் சிப் உள்ள என் மேக்புக்கில் அடுத்த மேக்ஓஎஸ்ஸின் பீட்டாவைப் போட்டேன். பேட்டரி மளமளவென்று இறங்குகிறது, அலுவலக விபிஎன் ஓட மறுக்கிறது. செட்டிங்ஸில் பீட்டா அப்டேட்டை ஆஃப் செய்துவிட்டேன். ஆனாலும் பழைய பதிப்பு வரவில்லையே? டைம் மெஷின் பேக்கப் இருக்கிறது.

பீட்டா அப்டேட்டை ஆஃப் செய்தால் இனி புது பீட்டா வராது, அவ்வளவுதான். ஏற்கெனவே ஏறியது ஏறியதுதான். மேக்கில் புதிய பதிப்பின் மேல் பழையதைப் போட வழியே கிடையாது. டிஸ்க்கை அழித்துவிட்டுப் பழையதை முதலிலிருந்து போட வேண்டும். அந்த வேலை சில மணி நேரத்தில் முடிந்துவிடும். சிக்கல் உங்கள் ஃபைல்களில்தான் இருக்கிறது. அதனால் அழிப்பதற்கு முன் பேக்கப்பின் தேதியைப் பாருங்கள்.

பீட்டா போடுவதற்கு முந்தைய பேக்கப் இருந்தால் கவலை இல்லை. பழைய மேக்ஓஎஸ்ஸைப் போட்டபின், பேக்கப்பிலிருந்து ஃபைல்களைக் கொண்டுவரும் மேக்கின் கருவியான மைக்ரேஷன் அசிஸ்டென்ட் அதை அப்படியே எடுத்துக்கொள்ளும். பீட்டா போட்டபின் எடுத்த பேக்கப் மட்டும்தான் இருக்கிறது என்றால், பழைய பதிப்பின் மைக்ரேஷன் அசிஸ்டென்ட் அதை ஏற்காது. புதிய பதிப்பில் எடுத்ததைப் பழைய பதிப்புக்குள் இறக்க அது சம்மதிப்பதில்லை. அப்போது டாக்குமென்ட்ஸ், டெஸ்க்டாப், டவுன்லோட்ஸ் ஃபோல்டர்களை வேறொரு வெளி டிஸ்க்கில் கையால் காப்பி செய்ய வேண்டும்.

ஃபோட்டோஸ் லைப்ரரியை மட்டும் அப்படியே காப்பி செய்து நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். பீட்டாவில் ஒருமுறை திறந்ததுமே அதன் உள் அமைப்பு புதிய வடிவத்துக்கு மாறிவிடும். பழைய ஃபோட்டோஸ் ஆப் அதைத் திறக்காது. ஐகிளவுட் ஃபோட்டோஸ் ஆனில் இருந்தால் படங்கள் எல்லாம் மேலே போய்ச் சேர்ந்துவிட்டனவா என்று பார்த்துவிட்டு விட்டுவிடலாம். இல்லாவிட்டால் எல்லாவற்றையும் தேர்வு செய்து, ஃபைல் மெனுவில் ‘எக்ஸ்போர்ட் அன்மாடிஃபைட் ஒரிஜினல்’ கொடுத்துத் தனி ஃபோல்டரில் இறக்குங்கள். அசல்கள் மட்டுமே வரும், நீங்கள் செய்த திருத்தங்கள் வராது. திருத்திய படங்கள் முக்கியம் என்றால் அவற்றைத் தனியாக இன்னொரு முறை எக்ஸ்போர்ட் செய்ய வேண்டியிருக்கும்.

இனி இன்ஸ்டாலர். வேண்டிய பழைய பதிப்பை ஆப் ஸ்டோரிலிருந்து இறக்குங்கள். அதை இருமுறை கிளிக் செய்தால், இந்த மேக்ஓஎஸ் பதிப்பில் திறக்க முடியாத அளவுக்கு இது பழையது என்று மறுக்கும். கோபத்தில் டெலீட் செய்துவிடாதீர்கள், பூட் ஆகும் பென் டிரைவ் தயாரிக்க அதேதான் வேண்டும். 32 ஜிபி பென் டிரைவ் போதும். டிஸ்க் யூடிலிட்டியில் அதை ‘மேக்ஓஎஸ் எக்ஸ்டெண்டட், ஜர்னல்ட்’ என்ற வடிவில் அழித்துக்கொள்ளுங்கள்.

அப்ளிகேஷன்ஸ் ஃபோல்டரில் இன்ஸ்டாலரை வலது கிளிக் செய்து ‘ஷோ பேக்கேஜ் கன்டென்ட்ஸ்’ கொடுங்கள். கன்டென்ட்ஸ், அதற்குள் ரிசோர்சஸ். அங்கே ‘கிரியேட்இன்ஸ்டால்மீடியா’ என்று ஒரு ஃபைல் இருக்கும். கட்டளைகளைத் தட்டும் ஆப்பான டெர்மினலைத் திறந்து ‘சூடோ’ என்று தட்டி ஒரு இடைவெளி விட்டு, அந்த ஃபைலை டெர்மினலுக்குள் இழுத்துப் போடுங்கள். பிறகு இரண்டு சிறு கோடுகளுடன் ‘வால்யூம்’ என்று (எல்லாம் ஆங்கிலச் சிறிய எழுத்தில்தான்) தட்டி, மறுபடி இடைவெளி விட்டு, பென் டிரைவின் ஐகானை இழுத்துவிட்டு என்டர். பாஸ்வேர்டு தட்டும்போது திரையில் ஒன்றும் தெரியாது, அது வழக்கம்தான்.

மேக்கை ஷட் டவுன் செய்து, பவர் பட்டனை அழுத்தியபடியே இருங்கள். ஸ்டார்ட்அப் ஆப்ஷன்கள் வரும்போது விட்டுவிட்டு, பென் டிரைவைத் தேர்வு செய்யுங்கள். டிஸ்க் யூடிலிட்டியில் ‘மேக்கின்டாஷ் ஹெச்டி’யைத் தேர்ந்து, ‘இரேஸ் வால்யூம் குரூப்’ கொடுங்கள், வடிவம் ஏபிஎஃப்எஸ். மேக் ரீஸ்டார்ட் ஆகி ஆக்டிவேஷனுக்கு வைஃபை கேட்கும். அதை முடித்து மறுபடி பென் டிரைவிலிருந்து பூட் செய்து இன்ஸ்டால் செய்யலாம்.

இரண்டு இடத்தில் பலர் வழுக்குகிறார்கள். ‘இரேஸ் ஆல் கன்டென்ட் அண்ட் செட்டிங்ஸ்’ உங்கள் ஃபைல்களை மட்டும்தான் அழிக்கும். பீட்டா அப்படியே உட்கார்ந்திருக்கும். மேக்கிலேயே உள்ள மீட்புத் திரையான ரிகவரியிலிருந்து ரீஇன்ஸ்டால் கொடுத்தாலும் பெரும்பாலும் அதே பீட்டாதான் திரும்ப வரும். பென் டிரைவ் வேலையை ஒதுக்கிவிட்டுக் குறுக்கு வழி தேடுகிறவர்கள் இந்த இரண்டில் ஒன்றில்தான் போய் நிற்பார்கள்.

பென் டிரைவ் இன்ஸ்டால் பாதியில் நின்றுபோனால் இன்னொரு மேக்கை யூஎஸ்பி-சி கேபிளில் இணைத்து, டிஎஃப்யூ என்ற மீட்பு நிலையில், ஆப்பிள் கான்ஃபிகரேட்டர் என்ற ஆப் மூலம் சரிசெய்யலாம். அதில் ‘ரிவைவ்’ ஃபைல்களைத் தொடாமல் ஃபர்ம்வேரை (வன்பொருளை இயக்கும் அடிப்படை மென்பொருள்) மட்டும் சரிசெய்யும். ‘ரீஸ்டோர்’ எல்லாவற்றையும் துடைத்துவிடும்.

கேள்வி: என்னிடம் இருப்பது 2019-இல் வந்த இன்டெல் மேக்புக் ப்ரோ. இதற்கும் இதே முறைதானா?

பென் டிரைவ் தயாரிப்பதுவரை இதேதான். பூட் செய்ய, ஆன் செய்ததும் ஆப்ஷன் கீயை அழுத்திப் பிடியுங்கள். உங்கள் கணினியில் டி2 என்ற ஆப்பிளின் பாதுகாப்புச் சிப் இருக்கிறது. வெளி டிஸ்க்கிலிருந்து பூட் ஆக அது முதலில் அனுமதிக்காது. கமாண்ட்–ஆர் அழுத்தி ரிகவரிக்குப் போய், ‘ஸ்டார்ட்அப் செக்யூரிட்டி யூடிலிட்டி’யில் வெளி மீடியாவிலிருந்து பூட் ஆவதை அனுமதியுங்கள். இதைப் பீட்டா ஓடிக்கொண்டிருக்கும்போதே செய்துவிடுவது உத்தமம். ஏனென்றால் மாற்றத்துக்கு அட்மின் பாஸ்வேர்டு கேட்கும். டிஸ்க்கை அழித்துவிட்டால் அட்மின் அக்கவுன்ட்டே இருக்காது. இன்டெல் மேக்கில் இன்னொரு வசதியும் உண்டு: ஷிஃப்ட்–ஆப்ஷன்–கமாண்ட்–ஆர் சேர்த்து அழுத்தினால், கணினி வாங்கியபோது இருந்த பதிப்போ, இன்னும் கிடைக்கக்கூடிய அதற்கு நெருக்கமான பதிப்போ இணையத்திலிருந்து வரும்.

கேள்வி: விண்டோஸ் 11-இன் சோதனைப் பதிப்புகளை (பிரிவியூ பில்ட்) முன்கூட்டியே தரும் இன்சைடர் திட்டத்தின் டெவ் சேனலில் சேர்ந்தேன். ரிகவரி பக்கத்தில் ‘கோ பேக்’ பட்டன் மங்கலாக இருக்கிறது. அதற்கு முன் ஒருமுறை வேலை செய்தது. ஆனால் வந்தது இன்னொரு பிரிவியூ பில்ட். ஏன் இப்படி?

‘கோ பேக்’ என்பது முந்தைய பில்டுக்குத்தான் போகும், நீங்கள் முதலில் வைத்திருந்த விண்டோஸுக்கு அல்ல. முழு பில்ட் ஒவ்வொன்று ஏறும்போதும், அதற்கு முன் இருந்தது சி டிரைவில் ‘விண்டோஸ்.ஓல்டு’ என்ற ஃபோல்டருக்குப் போகிறது. அங்கே ஏற்கெனவே இருந்தது போய்விடுகிறது. இரண்டாவது பிரிவியூ பில்ட் ஏறிய அன்றே பழைய ஸ்டேபிள் விண்டோஸ் கைநழுவிவிட்டது.

பட்டன் மங்கியதற்குக் காரணம், ஒன்று 10 நாள் கெடு முடிந்திருக்கும். அல்லது டிஸ்க் கிளீனப்பில் ‘முந்தைய விண்டோஸ் இன்ஸ்டாலேஷன்’ என்ற பெட்டியை டிக் செய்து, நீங்களே விண்டோஸ்.ஓல்டை அழித்திருப்பீர்கள். கெடு முடிவதற்குள் டிஸ்ம் கட்டளையின் ‘செட் ஓஎஸ் அன்இன்ஸ்டால் விண்டோ’ மூலம் 60 நாள்வரை நீட்டிக்கலாம். முடிந்தபின் நீட்டிக்க எதுவும் இல்லை. இப்போது உங்களுக்கு மிஞ்சியிருப்பது எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகப் போடும் கிளீன் இன்ஸ்டால்தான்.

கேள்வி: கிளீன் இன்ஸ்டால் செய்யப் பார்த்தேன். பென் டிரைவிலிருந்து பூட் ஆகிறது, ஆனால் டிஸ்க்கைத் தேர்வு செய்யும் பக்கத்தில் ஒரு டிரைவும் இல்லை. எஸ்எஸ்டி போய்விட்டதா?

எஸ்எஸ்டி நன்றாகத்தான் இருக்கும். இன்டெல் 11-ஆம் தலைமுறையும் அதற்குப் பிந்தையதுமான ப்ராசஸர் உள்ள லேப்டாப் பலவற்றில் விஎம்டி என்ற ஸ்டோரேஜ் கன்ட்ரோலர் பயாஸிலேயே (விண்டோஸுக்கு முன் ஓடும் கணினியின் அடிப்படை அமைப்பு) ஆனில் இருக்கும். அதன் டிரைவர் மைக்ரோசாஃப்ட்டின் இன்ஸ்டால் பென் டிரைவில் இல்லை. டிரைவர் இல்லாததால் செட்டப்புக்கு எஸ்எஸ்டி கண்ணில் படவில்லை.

லேப்டாப் தயாரிப்பாளரின் சப்போர்ட் பக்கத்தில் உங்கள் மாடலைத் தேடி, ‘இன்டெல் ராபிட் ஸ்டோரேஜ்’ அல்லது ‘ஆர்எஸ்டி’ டிரைவரை வேறு கணினியில் இறக்குங்கள். பெரும்பாலும் அது ஒரு இஎக்ஸ்இ ஃபைலாக வரும். அதையே பென் டிரைவில் போட்டால் செட்டப்புக்குப் படிக்கத் தெரியாது. பிரித்தெடுத்து, ஐஎன்எஃப் என்று முடியும் ஃபைல் உள்ள ஃபோல்டரைப் பென் டிரைவில் வையுங்கள். டிஸ்க் பக்கத்தில் ‘லோட் டிரைவர்’ கொடுத்து அந்த ஃபோல்டரைக் காட்டினால் எஸ்எஸ்டி பட்டியலில் வந்துவிடும். பயாஸில் விஎம்டியையே ஆஃப் செய்யச் சொல்பவர்களும் உண்டு. எல்லாவற்றையும் அழிக்கப்போகிறீர்கள் என்றால் அதுவும் சரி. மனம் மாறிப் பழைய விண்டோஸுக்கே போக நினைத்தால் அது பூட் ஆகாமல் நீலத்திரை காட்டும். திரும்ப ஆன் செய்ய வேண்டும்.

கையோடு வைஃபை டிரைவரையும் பென் டிரைவில் போட்டுக்கொள்ளுங்கள். விண்டோஸ் 11 செட்டப் நடுவில் இணையம் கேட்கும். வைஃபை டிரைவர் இல்லாவிட்டால் அந்தத் திரையிலேயே நிற்கும். அவசரத்துக்கு மொபைலைக் கேபிளில் இணைத்து யூஎஸ்பி டெதரிங் ஆன் செய்தாலும் கடந்துவிடலாம்.

பென் டிரைவை மைக்ரோசாஃப்ட்டின் மீடியா கிரியேஷன் டூல் மூலம் தயாரியுங்கள். குறைந்தது 8 ஜிபி வேண்டும். பூட் மெனுவில் ஒரே பென் டிரைவ் இரண்டு முறை தெரிந்தால், பெயருக்கு முன்னால் யூஇஎஃப்ஐ என்று இருப்பதையே எடுங்கள். மற்றதை எடுத்தால், ஜிபிடி வகை டிஸ்க்கில் விண்டோஸை இன்ஸ்டால் செய்ய முடியாது என்று பிழை வரும். டிஸ்க் பக்கத்தில், விண்டோஸ் இருந்த டிஸ்க்கின் பார்டிஷன்களை ஒவ்வொன்றாக அழித்து, ‘அன்அலோகேட்டட் ஸ்பேஸ்’ என்று ஒரே வரியாக ஆனதும் அதையே தேர்ந்து நெக்ஸ்ட் கொடுங்கள். தேவையான பார்டிஷன்களைச் செட்டப்பே போட்டுக்கொள்ளும். இரண்டாவது டிஸ்க் இருந்தால் கழற்றி வைத்துவிட்டுத் தொடங்குவதே நல்லது. டிஸ்க் 0, டிஸ்க் 1 என்ற எண்களை நம்பி அழித்து, ஃபோட்டோக்கள் இருந்த டிஸ்க்கை இழந்தவர்கள் உண்டு. அளவைப் பார்த்து உறுதி செய்யுங்கள்.

கேள்வி: பூட் ஆகாமலே, விண்டோஸுக்குள்ளிருந்து பழைய பதிப்பின் செட்டப்பை ஓட்டினால் ஃபைல்கள், ஆப்கள் தப்பிக்குமா?

தப்பிக்காது. கீழிறங்கும்போது ‘ஃபைல்களையும் ஆப்களையும் வைத்துக்கொள்’ என்ற தேர்வு மங்கிப்போய்விடும். காப்பி எடுத்துவிட்டே இறங்குங்கள். ஒன்டிரைவ் ஃபோல்டரில் மேக ஐகான் போட்ட ஃபைல்கள் உங்கள் டிஸ்க்கில் இல்லை, பெயர் மட்டும்தான் இருக்கிறது என்பதும் நினைவிருக்கட்டும்.

கேள்வி: புராடக்ட் கீ கையில் இல்லை. மறுபடி பணம் கட்ட வேண்டுமா?

வேண்டாம். கீ கேட்கும் இடத்தில் ‘என்னிடம் புராடக்ட் கீ இல்லை’ என்பதைக் கொடுத்து, முன்பு இருந்த அதே எடிஷனை (ஹோம் என்றால் ஹோம், ப்ரோ என்றால் ப்ரோ) தேர்ந்தெடுங்கள். இணையத்துடன் சேர்ந்ததும் தானாக ஆக்டிவேட் ஆகும். கீயைவிடக் கவனிக்க வேண்டியது, டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கர். பயாஸில் எதையாவது மாற்றினால் 48 இலக்க ரிகவரி கீயைக் கேட்டு நிற்கும். உங்கள் மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்டில் அது சேமிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்து, முதலிலேயே ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

கேள்வி: இவ்வளவு பாடு எதற்கு? இறுதிப் பதிப்பு வரும்வரை பேசாமல் காத்திருந்தால் என்ன?

தாராளமாகக் காத்திருக்கலாம். தினசரி வேலை கெடவில்லை என்றால் எங்கள் யோசனையும் அதுதான். மேக்கில் பீட்டா அப்டேட்டை ஆஃப் செய்து வையுங்கள், இறுதிப் பதிப்பு வெளியானதும் சாதாரண அப்டேட்டாகவே வரும். ஃபைல்களுக்கு எதுவும் ஆகாது. இடைப்பட்ட நாள்களில் பீட்டாவில் இருக்கும் பிழைகளோடுதான் ஓட்ட வேண்டும், அதுதான் விலை. விண்டோஸில் பீட்டா, ரிலீஸ் பிரிவியூ சேனல்களில் இருப்பவர்களுக்கு, அடுத்த பதிப்பு வந்ததும் விலகிக்கொள்ளும் தேர்வு இன்சைடர் பக்கத்திலேயே உண்டு. கேனரி சேனலில் இருப்பவர்களுக்கு அந்த வழி இல்லை. அதிலிருந்து வெளியேற கிளீன் இன்ஸ்டால்தான்.

கேள்வி: லினக்ஸ் வகையான உபுண்டுவின் அடுத்த பதிப்புக்கு முன்கூட்டியே போய்விட்டேன். இறங்க வழி?

மேம்படுத்தும் கருவிக்குக் கீழிறக்கத் தெரியாது. போவதற்கு முன் டைம்ஷிஃப்ட் என்ற பேக்கப் கருவியில் ஸ்னாப்ஷாட் (அப்போதைய நிலையின் நகல்) எடுத்திருந்தால், லைவ் யூஎஸ்பியில் பூட் செய்து அதை ரீஸ்டோர் செய்யுங்கள். இல்லாவிட்டால் ஹோம் ஃபோல்டரைக் காப்பி எடுத்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள்.

கேள்வி: பீட்டா பார்க்கும் ஆசை விடவில்லை. அடுத்த முறை இந்தத் தொல்லை இல்லாமல் எப்படிப் போடுவது?

இருக்கும் இயங்குதளத்தின் மேல் போடாதீர்கள். மேக்கில் டிஸ்க் யூடிலிட்டியில் ஏபிஎஃப்எஸ் கன்டெய்னருக்குள் புதிய வால்யூம் ஒன்றைச் சேர்த்து, பீட்டாவை அதில் போடலாம். முன்கூட்டி இடம் ஒதுக்கவும் வேண்டாம், காலி இடத்தை இரண்டும் பகிர்ந்துகொள்ளும். அலுத்துப்போனால் அந்த வால்யூமை அழித்துவிட்டால் போதும். ஆனால் ஆப்பிள் சிலிக்கானில் ஃபர்ம்வேர் இரண்டுக்கும் பொது. பீட்டா அதைப் புதுப்பித்தால், வால்யூமை அழித்தாலும் அது பழையபடி ஆகாது. பீட்டாவில் உங்கள் வழக்கமான ஆப்பிள் அக்கவுன்ட்டிலும் லாகின் செய்யாதீர்கள். நோட்ஸ், ரிமைண்டர்ஸ் போன்றவை ஐகிளவுட்டிலேயே புதிய வடிவத்துக்கு மாறிவிடலாம். பழைய பக்கம் அவற்றைச் சரியாகக் காட்டாமல் போகும். தனி அக்கவுன்ட் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் ப்ரோவில் ஹைப்பர்-வி இருக்கிறது: அதில் ஒரு விர்ச்சுவல் மெஷினில் (கணினிக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கணினி) பிரிவியூ பில்டைப் போட்டு, ஒவ்வொரு பில்டுக்கும் முன் ஒரு செக்பாயின்ட் (அப்போதைய நிலையின் பதிவு) எடுத்தால், திரும்புவதற்கு ஒரு கிளிக் போதும். டிரைவர், பேட்டரி, வைஃபை எப்படி நடந்துகொள்கின்றன என்பதை மட்டும் விர்ச்சுவல் மெஷினில் பார்க்க முடியாது. அதற்கு உண்மையான இயந்திரம்தான் வேண்டும். அது தினமும் வேலை பார்க்கும் கணினியாக இருக்க வேண்டாம்.