காயின் ஹோல்டர் வாங்கறதுக்கு முன்னாடி: கேட்டதும் சொன்னதும்

அட்டை ஹோல்டர் பத்தின கேள்விங்க நிறைய சேர்ந்துபோச்சு, தனித்தனியா பதில் போட்டா ஒரே விஷயத்தையே திரும்பத் திரும்ப எழுத வேண்டியிருக்கு, அதனால மொத்தமா சொல்லிடறேன். ரெண்டுக்கு ரெண்டு இன்ச் அட்டை, நடுவுல வட்டமா ஒரு ஜன்னல், அதுல மெல்லிசா பிளாஸ்டிக் தாள், காசை வச்சு மடிச்சு ஸ்டேப்லர் பின் அடிப்போமே, அதைப் பத்தித்தான் இது.

அண்ணா, இப்பதான் சேர்க்க ஆரம்பிச்சிருக்கேன். கடையில என்ன சைஸ்னு கேக்கறாங்க, எல்லாத்துக்கும் பெருசாவே வாங்கிட்டா ஆகாதா?

ஆகாது தம்பி. வெளி அட்டை எல்லாம் ஒரே அளவுதான், ஜன்னல்தான் 17.5 மி.மீ.ல ஆரம்பிச்சு 20, 22.5, 25, 27.5ன்னு 39.5 வரைக்கும் போகும். பெரிய ஜன்னல்ல சின்ன காசை வச்சா அது உள்ள உருண்டுகிட்டே இருக்கும், ஓரத்துல இருக்கற பின் மேல போய் இடிக்கும். சின்னதா எடுத்தா காசோட விளிம்பு அட்டைக்குள்ள மறைஞ்சிடும், வருஷம் கூட சில சமயம் தெரியாது. முதல்ல ஒரு பிளாஸ்டிக் வெர்னியர் (காசோட குறுக்களவை அளக்கற கருவி) வாங்குங்க, இரும்பு வேண்டாம், காசுல கோடு போட்டுடும், அளந்து அதுக்கு அடுத்த சைஸ் எடுங்க. 2011ல வந்த ஒரு ரூபா 22 மி.மீ., அதுக்கு 22.5 சரியா உட்காரும். 1992 மாடல் ஸ்டீல் ஒரு ரூபா 25 மி.மீ., அதுக்கு 27.5. பிரிட்டிஷ் கால வெள்ளி ரூபா 30ஐ தாண்டும், 32.5 எடுங்க. பழைய அஞ்சு பைசா சதுரம், ரெண்டு பைசா பத்து பைசாவெல்லாம் பூ மாதிரி வளைஞ்ச ஓரம், இதுங்களை மூலைக்கு மூலை அளக்கணும், நேர் பக்கத்தை அளந்துட்டு ஏமாறாதீங்க. 1992ல வந்த தடி அஞ்சு ரூபா 9 கிராம், அதை வச்சா அட்டை உப்பிக்கிட்டு நிக்கும், பின்னை காசுல இருந்து நல்லா தள்ளி அடிங்க.

தூத்துக்குடியில இருக்கேன் அண்ணே. ஒரு மழைக்காலம் போனா பின்னெல்லாம் துரு ஏறிடுது. ஒட்டற டைப் ஹோல்டர் போட்டா தொல்லை விட்டுதுல்ல?

கடலோரத்துல இருக்கறவங்க எல்லாருக்கும் இந்த பிரச்சினைதான். ஒட்டற டைப்ல துரு கிடையாது, உண்மை. ஆனா ஒரு தடவை ஒட்டினா ஒட்டினதுதான், காசை மறுபடி எடுக்கணும்னா அட்டையை கிழிக்கணும், அப்புறம் மே மாச வெயில்ல மொட்டை மாடிக்கு கீழ இருக்கற ரூம்ல வச்சிருந்தீங்கன்னா பசை இளகி ஓரத்துல பிசுபிசுன்னு வரும். ஒரு ரூபா ரெண்டு ரூபா மாதிரி செலவாணி காசுக்கு அது ஓகே, விலை போட்டு வாங்கின காசுக்கு நான் போட மாட்டேன்.

பின் அடிக்கறதா இருந்தா நம்பர் 10 பின்னே போதும், ரெண்டு அட்டை கனத்துக்கு அதோட கால் நீளம் சரியா இருக்கும். அடிச்சதும் வேலை முடியல, திருப்பிப் பாருங்க, பின்னோட ரெண்டு காலும் வளைஞ்சு மேடா நிக்கும். பெட்டியில வரிசையா அடுக்கும்போது அந்த மேடுதான் பக்கத்து ஹோல்டரோட தாளை உரசி உரசி கிழிக்கும். கட்டிங் பிளேயரால ஒவ்வொரு பின்னையும் நசுக்கி தட்டையாக்குங்க. தட்டையாவே மடக்கற ஸ்டேப்லரும் கிடைக்குது, விலை கொஞ்சம் ஜாஸ்தி, நிறைய காசு இருந்தா வாங்கறது வொர்த். துரு தெரிஞ்ச ஹோல்டரை தூக்கிப் போட்டுட்டு மாத்துங்க. மாத்தும்போது அட்டையை ரெண்டு பக்கமும் பிடிச்சு இழுக்காதீங்க, பாதி கழண்ட பின் காசு முகத்துலயே ஒரு கீறல் போட்டுடும். பின்னை எல்லாம் எடுத்த பிறகுதான் அட்டையை திறக்கணும்.

சார், தாத்தாவோட விக்டோரியா ரூபாய்ங்க பல வருஷமா ஒரு மெத்துன்னு இருக்கற பிளாஸ்டிக் ஆல்பத்துல இருந்துச்சு. இப்ப எடுத்தா பச்சையா பிசுபிசுன்னு ஏதோ ஒட்டியிருக்கு. அட்டை ஹோல்டருக்கு மாத்தலாமா?

மாத்தணும், ஆனா அப்படியே மாத்தாதீங்க. அது பிவிசி வேலை. பிவிசியை மெத்துன்னு ஆக்க ஒரு எண்ணெய் மாதிரி பொருள் சேர்ப்பாங்க, அது காலப்போக்குல வெளிய கசியும், பிளாஸ்டிக்கும் மெல்ல சிதைஞ்சு ஹைட்ரோகுளோரிக் ஆசிட்டை விடும். விக்டோரியா ரூபா 91.7 சதவீதம்தான் வெள்ளி, மீதி செம்பு, அந்த செம்போட ஆசிட் சேர்றதுதான் உங்க பச்சை. விட்டுட்டா காசை அரிச்சு குழி விழும், குழி விழுந்தா அப்புறம் யாராலயும் சரி பண்ண முடியாது.

லேப் கெமிக்கல் விக்கற கடையில சுத்தமான அசிட்டோன் வாங்குங்க. நெயில் பாலிஷ் ரிமூவர் வேண்டவே வேண்டாம், அதுல வாசனையும் எண்ணெயும் கலந்திருக்கும். கண்ணாடி கிண்ணத்துல ஊத்தி காசை ஊறப் போடுங்க, புதுசா ஊத்தின அசிட்டோன்ல இன்னொரு முக்கு, எடுத்து தானா காயவிடுங்க, துடைக்காதீங்க, தேய்க்காதீங்க. ஜன்னலை திறந்து வச்சு செய்யுங்க, அடுப்பு விளக்கு எதுவும் பக்கத்துல கூடாது, குப்புனு பத்திக்கும். பழைய ஆல்பத்தை குப்பையில போடுங்க, பாவம் பாத்து போட்டோ வைக்கக்கூட எடுத்து வைக்காதீங்க.

அப்ப அட்டை ஹோல்டர் ஜன்னல்ல இருக்கறதும் பிவிசியா இருந்தா? கடைக்காரர் மைலார்னு சத்தியம் பண்றார்.

நல்ல ஹோல்டர்ல மைலார்தான், அதாவது பாலியெஸ்டர் தாள், அது காசை ஒண்ணும் செய்யாது. கையில பிடிச்சு அசைச்சா மொடமொடன்னு சத்தம் வரும். புது ரெயின்கோட் வாடை அடிச்சு ரப்பர் மாதிரி இழுபட்டா சந்தேகப்படுங்க. நிச்சயமா தெரியணும்னா ஒரு ஹோல்டரை பலி கொடுங்க: செம்புக் கம்பியை பிளேயர்ல பிடிச்சு தீயில சிவக்கக் காட்டி, சூடா இருக்கறப்பவே பிளாஸ்டிக்ல தொட்டு மறுபடி தீயில காட்டுங்க. தீ பளிச்சுன்னு பச்சையா மாறினா குளோரின் இருக்கு, கிட்டத்தட்ட பிவிசிதான். வெளிய காத்தாட நின்னு செய்யுங்க, அந்தப் புகை நல்லதில்ல. ஹோல்டரை மொத்தமா சொருகற ஆல்பம் பக்கத்துக்கும் இதே சோதனைதான், நிறைய பேர் மைலார் ஹோல்டர் வாங்கி பிவிசி பக்கத்துல கொண்டுபோய் சொருகறாங்க, பாலிபுரோப்பிலீன்ங்கற வேற வகை பிளாஸ்டிக் பக்கமா கேட்டு வாங்குங்க.

அண்ணா, செம்புக் காசை புளி போட்டு பளபளன்னு விளக்கி அப்புறம் ஹோல்டர்ல போடலாமா?

குத்துவிளக்கை விளக்குங்கம்மா, காசை விட்டுடுங்க. புளி, விபூதி, பல்பொடி எதுவும் கூடாது, விளக்கின செம்புக் காசோட விலை அன்னிக்கே பாதிக்கு கீழ போயிடும்.

கரூர் அமராவதி ஆத்துல கிடைச்சதுன்னு சொல்லி வித்த பழைய காசுங்க கொஞ்சம் வச்சிருக்கேன், ஒண்ணு ரெண்டு ஈயம். கூடவே 1808ம் வருஷ மெட்ராஸ் பத்து கேஷ் (கேஷ்ங்கறது அந்தக்கால சில்லறைக் காசு) ஒண்ணு, கப்பல்ல மூழ்கினதாம். இதெல்லாம் அட்டையில போடலாமா?

உங்க பத்து கேஷ் கதை எனக்கு ரொம்ப பிடிச்ச கதை. இங்கிலாந்துல பர்மிங்ஹாம் சோஹோ மின்ட்ல (காசு அடிக்கற ஆலை) மெட்ராஸ் மாகாணத்துக்குன்னு அடிச்சு, பீப்பாய் பீப்பாயா அட்மிரல் கார்ட்னர் கப்பல்ல ஏத்தினாங்க, 1809 ஜனவரியில இங்கிலாந்து கரையைக்கூட தாண்டாம குட்வின் மணல் திட்டுல மூழ்கிடுச்சு. 1980கள்லதான் காசுங்களை வெளிய எடுத்தாங்க, மெட்ராஸ் கடைத்தெருவுல ஒரு நாள்கூட புழங்காத மெட்ராஸ் காசு அது. உப்புத் தண்ணியில கிடந்த செம்புங்கறதால கவனம் வேணும். வெளிறின பச்சையில மாவு மாதிரி பொடி உதிருதான்னு அப்பப்ப பாருங்க, உதிர்ந்தா உள்ள போன உப்போட குளோரைடு இன்னும் காசை அரிச்சுகிட்டு இருக்குன்னு அர்த்தம், உடனே மத்த காசுங்ககிட்ட இருந்து பிரிச்சு வைங்க. பொடி இல்லேன்னா அட்டை ஹோல்டர், கூட ஈரத்தை உறிஞ்சற சிலிக்கா ஜெல் பொட்டலம், போதும்.

ஆத்துக் காசு தடிப்பும் கோணலுமா இருக்கும், பின் அடிச்சா ஜன்னல் தாள் கிழியும், பாலிபுரோப்பிலீன் உறைதான் வசதி. ஈயத்தை அட்டைகிட்டயே கொண்டுபோகாதீங்க. அட்டை, மரம், பிளைவுட்ல இருந்து லேசா வர ஆசிட் ஆவியே ஈயத்தை வெள்ளைப் பொடியாக்கிடும். சாதவாகனர் ஈயக் காசு வச்சிருக்கறவங்களுக்கும் இதேதான்.

வீட்டுல எங்க வைக்கறது?

இரும்பு பீரோ, நடுத்தட்டு. மர அலமாரி வேண்டாம். பட்டுப்புடவைக்கு போடற பாச்சா உருண்டை அதே தட்டுல இருக்கக் கூடாது, வீட்டம்மாகிட்ட பேசி ஒரு முடிவுக்கு வாங்க. ரப்பர் பேண்ட் போட்டு கட்டாதீங்க, அதுல இருக்கற கந்தகம் வெள்ளியை கறுப்பாக்கும்.

ஹோல்டர் மேல எழுதலாமா? பேனாவா பென்சிலா?

பென்சில். காசை உள்ள வைக்கறதுக்கு முன்னாடியே எழுதிடுங்க, வச்ச பிறகு அழுத்தி எழுதினா தாள் காசுல உரசும். வருஷம், மின்ட் (நட்சத்திரம்னா ஹைதராபாத், புள்ளின்னா நொய்டா, டைமண்ட்னா பம்பாய், குறியே இல்லேன்னா கல்கத்தா), வாங்கின விலை. விலையை பின்பக்கம் எழுதுங்க, வர்ற சொந்தக்காரங்க எல்லாரும் முன்பக்கம்தான் பாப்பாங்க.