‘அவோரித்தா’ என்றால் எப்போது?

கேள்வி: வேலை விஷயமாக மெக்சிகோ சிட்டிக்கு வந்திருக்கிறேன். ஆப்பில் ஸ்பானிஷ் படித்துவிட்டுத்தான் வந்தேன். ஆனாலும் இங்கே பேசுவது பாதி பிடிபடவில்லை. குழாய் ரிப்பேர்காரர் ‘அவோரித்தா’ வருகிறேன் என்றார். ஆப்பைக் கேட்டால் ‘ரைட் நவ்’ என்கிறது. மறுநாளும் ஆள் வரவில்லை. ஆபீஸில் இளவட்டங்கள் பேச்சுக்குப் பேச்சு ‘வெய்’ போடுகிறார்கள். நானும் போடலாமா?

பதில்: ஆப் பொய் சொல்லவில்லை. ‘அவோரா’ என்றால் இப்போது. அதைச் செல்லமாகச் சொன்னால் அவோரித்தா. கேட்டால் இன்னும் சீக்கிரம் என்றுதான் தோன்றும். ஆனால் மெக்சிகோவில் அது இந்த நிமிஷமாக இருக்கலாம், சாயங்காலமாக இருக்கலாம், நடக்காமலே போகலாம். நம் ஊர் ‘இதோ வந்துட்டேன்’ மாதிரி. பல நேரம் முகத்துக்கு நேரே ‘முடியாது’ என்று சொல்லக் கூசித்தான் இதைச் சொல்கிறார்கள். யாராவது சாப்பிட இன்னொரு தாக்கோ நீட்டும்போது ‘அவோரித்தா நோ, கிராசியாஸ்’ (கிராசியாஸ் என்றால் நன்றி) என்றால், மனம் நோகாமல் வேண்டாம் என்று அர்த்தம். அதனால் அடுத்த முறை ரிப்பேர்காரரிடம் ‘கோமோ ஆ கே ஓரா?’, அதாவது ‘சுமார் எத்தனை மணிக்கு?’ என்று கேளுங்கள். மணி சொன்னால் காத்திருக்கலாம். ‘அல் ராத்தோ’ (அப்புறமா) என்றால் நீங்கள் வேறு வேலையைப் பார்க்கலாம்.

‘வெய்’ விஷயத்துக்கு வருவோம். எருதைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. முட்டாள் என்று திட்டப் பயன்பட்டு, இப்போது ‘மச்சான்’ ஆகிவிட்டது. அவர்கள் உங்களை அப்படிக் கூப்பிடும்வரை பொறுங்கள். மேலாளரிடமும் வீட்டுக்காரம்மாவிடமும் வேண்டவே வேண்டாம். ‘நோ மாஞ்செஸ்’ (சும்மா சொல்லாதே!) பரவாயில்லை. அதற்கு ஒரு முரட்டு அண்ணன் உண்டு. அதைக் காதில் மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்றைக்கே வாயில் வர வேண்டியவை வேறு. யாராவது கூப்பிட்டாலோ, சொன்னது காதில் விழாவிட்டாலோ ‘மாந்தே?’ என்று கேளுங்கள். வெறும் ‘கே?’ என்றால் ‘என்ன?’ என்று வெடுக்கென்று கேட்டதுபோல் இருக்கும்; பிள்ளைகள் அப்படிக் கேட்டால் அம்மாக்கள் திருத்துவார்கள். ‘மாந்தே’ என்றால் நேர்ப்பொருளில் ‘கட்டளையிடுங்கள்’. அதில் அடிமை வாடை அடிக்கிறது என்று மெக்சிகோவிலேயே சிலருக்கு எரிச்சல் உண்டு. இருந்தாலும் வயதானவர்களிடம் இதுதான் பத்திரம். ஃபோந்தா எனப்படும் சின்னச் சாப்பாட்டுக் கடையில், சாப்பிட்டு எழுந்து போகிறவர் முன்பின் தெரியாத பக்கத்து மேஜைக்காரரிடமும் ‘ப்ரொவேச்சோ’ என்று சொல்லிவிட்டுப் போவார். நன்றாகச் சாப்பிடுங்கள் என்ற வாழ்த்து அது. ‘கிராசியாஸ்’ சொல்லுங்கள், கிளம்பும்போது நீங்களும் ‘ப்ரொவேச்சோ’ சொல்லுங்கள். போனை எடுத்ததும் ‘ஹலோ’வுக்குப் பதில் ‘புவேனோ?’

ஒரே ஒரு எச்சரிக்கை. உங்கள் ஆப் ஸ்பெயின் நாட்டு ஸ்பானிஷ் சொல்லிக்கொடுத்திருந்தால், பஸ் பிடிப்பதற்கு ‘கோஹேர்’ என்று படித்திருப்பீர்கள். மாட்ரிட்டில் அது சாதாரணச் சொல். மெக்சிகோவில் படுக்கையறைக் கொச்சை. பஸ்ஸுக்கு ‘தோமார்’ என்றே சொல்லுங்கள்.