கேம் மியூசிக் என்றால் லூப் போட்டுக் கொடுத்தால் போதும்தானே?

கீபோர்டில் எட்டு கிரேடும் முடித்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். சினிமா வாய்ப்பு வரும்வரை கேம்களுக்கு இசையமைக்கலாமா, அது வெறும் லூப் போடுகிற, அதாவது ஒரே இசைத் துண்டைத் திரும்பத் திரும்ப ஓடவிடுகிற வேலைதான் என்று நண்பர் சொன்னாரே, உண்மையா என்று கேட்டிருக்கிறீர்கள். நண்பர் சொன்னது தவறு. இந்த ஒரு வாக்கியத்தைச் சொந்தக்காரர் வீட்டு விசேஷங்களில் பல வருடமாகக் கேட்டு வருகிறேன். அதனால் பதில் கொஞ்சம் நீளும்.

சினிமாவில் எடிட் செய்த காட்சி உங்கள் கைக்கு வரும். கதாநாயகி எந்த நொடியில் கதவைத் திறப்பாள் என்று தெரிந்துதான் வயலினை எழுதுவீர்கள். கேமில் அதே கதவை ஒருவர் நாலாவது நொடியில் திறப்பார். இன்னொருவர் பத்து நிமிடம் வாசலிலேயே சுற்றிக்கொண்டிருப்பார். இரண்டு பேருக்குமே அந்த இசை தனக்காக எழுதியது போலக் கேட்க வேண்டும். (சினிமாவை மட்டம் தட்டுகிறேன் என்று யாரும் கிளம்ப வேண்டாம். பின்னணி இசையின் அருமை தெரிந்துதான் பேசுகிறேன். இரண்டும் வேறு வேறு வேலை, அவ்வளவுதான்.)

எனக்கு இது புரிந்த கதையைச் சொல்கிறேன். 2017இல் ஒரு சின்ன ஸ்டுடியோவின் மொபைல் கேம். பெயர் வேண்டாம். காட்டுக்குள் காவலர்கள் கண்ணில் படாமல் ஒளிந்து நடக்க வேண்டும். அமைதியாக நடக்கும்போது மோகன ராகத்தில் மூன்று நிமிடப் புல்லாங்குழல். மாட்டிக்கொண்டால் பறையும் உறுமியும். குழலுக்கு நல்ல கலைஞரை வரவழைத்து, என் சொந்தக் காசு கொடுத்துப் பதிவு செய்தேன்.

விளையாடிப் பார்க்க வந்த பையன் பதினைந்து நொடிக்கு ஒருமுறை மாட்டினான். ஒவ்வொரு முறையும் குழல் முதலிலிருந்து தொடங்கியது. மூன்று நிமிடத்தில் அவன் கேட்டது முதல் சங்கதியை மட்டும்தான், அதையே திரும்பத் திரும்ப. மரத்துக்குப் பின்னால் இருந்து தலையை நீட்டினால் பறை, இழுத்துக்கொண்டால் குழல், மறுபடி நீட்டினால் பறை. பாதி ஸ்வரத்தில் வெட்டு. இருபது நிமிடம் பொறுத்துப் பார்த்தவன் செட்டிங்ஸுக்குப் போய் மியூசிக்கை அணைத்துவிட்டுத் தொடர்ந்தான். நான் அவனுக்குப் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகுதான் உட்கார்ந்து படித்தேன். 1978இல் வந்த ஸ்பேஸ் இன்வேடர்ஸ் கேமில் இருந்ததே நாலு ஸ்வரம்தான். எதிரிகள் குறையக் குறைய அந்த நாலும் வேகம் பிடிக்கும். 1991இல் மங்கி ஐலண்ட் கேமின் இரண்டாம் பாகத்துக்காக மைக்கேல் லேண்டும் பீட்டர் மெக்கானலும் ஐம்யூஸ் என்ற முறையை உருவாக்கினார்கள். ஒரு அறையிலிருந்து அடுத்த அறைக்குப் போனால் பாட்டு அறுபடாமல் அந்த அறையின் வாத்தியத்துக்கு மாறும். சூப்பர் மரியோ வேர்ல்டில் மரியோ சவாரி செய்யும் டைனோசர் யோஷி மேல் ஏறினால் அதே பாட்டில் தாளவாத்தியம் ஒன்று சேர்ந்துகொள்ளும், இறங்கினால் போய்விடும்.

படித்ததெல்லாம் சரி. ஆனால் நடு ஸ்வரத்தில் விழுகிற வெட்டை எப்படி மறைப்பது என்பதற்கான பதில் என் தாத்தாவிடம் இருந்தது. அவர் கும்பகோணம் பக்கம் தவில் வாசித்தவர். கல்யாணத்தில் நாயனம் நிதானமாக ஆலாபனையில் இருக்கும். தாலி கட்டும் நேரம் யாருக்கும் துல்லியமாகத் தெரியாது. ஐயர் கை காட்டியதும் எங்கே இருந்தாலும் அங்கேயே விட்டுவிட்டுக் கெட்டி மேளத்துக்குத் தாவ வேண்டும். "நாயனம் அறுந்த இடம் யாருக்கும் கேக்காது தம்பி, தவில் மூடிரும்" என்று சின்ன வயதில் எனக்குச் சொல்லியிருக்கிறார்.

அதையே செய்தேன். முழு இசையையும் நிமிடத்துக்கு 96 அடி என்ற ஒரே காலப்பிரமாணத்தில் கட்டினேன். நாலடி ஆவர்த்தனம், அதாவது தாளத்தின் ஒரு சுற்று, இரண்டரை நொடி. காவலர் பார்த்ததும் அடுத்த அடியிலேயே ஒரு தவில் உருட்டு விழும். அந்த உருட்டுக்குக் கீழே குழல் தேய்ந்து போகும், அடுத்த சமத்தில், அதாவது அடுத்த சுற்றின் முதல் அடியில், பறை எடுக்கும். திரும்பி வருவதுதான் கஷ்டம். எட்டு நொடி யார் கண்ணிலும் படாமல் இருந்தால்தான் இறங்கலாம் என்று நிபந்தனை வைத்தேன். அப்போதும் முதலில் உறுமி, பிறகு பறை என்று ஒவ்வொன்றாகத்தான் விலகும். குழல் மறுபடி தொடங்க ஆறு வேறு வேறு இடங்கள், நுழைவாயில்கள் மாதிரி. ஒரே வாயில் அடுத்தடுத்து வராது.

இன்னொன்றும் செய்தேன், அதில் எனக்கு இன்றைக்கும் பெருமை. மோகனத்தின் காந்தாரத்தை (க) ஸட்ஜமாக (ஸ) வைத்துப் பார்த்தால் அதே ஐந்து ஸ்வரங்கள் ஹிந்தோளம் என்ற வேறு ராகம் ஆகிவிடும். கிரக பேதம் படித்தவர்களுக்குத் தெரியும். காவலர் நெருங்கும்போது குழலைத் தொடாமல் கீழே ஓடும் சுருதியை மட்டும் காந்தாரத்துக்கு நகர்த்தினேன். ஒரு ஸ்வரம்கூட மாறவில்லை, ஆனால் காடு மாறிவிட்டது. அதே பையனை மறுபடி அழைத்து வந்தோம். இந்த முறை மியூசிக்கை அணைக்கவில்லை.

காசு விஷயம். அந்த ஸ்டுடியோ நிமிடக் கணக்கில்தான் பணம் கொடுத்தது. ஒன்றன்மேல் ஒன்றாக ஓடும் ஐந்து அடுக்கு, குழலின் ஆறு நுழைவு, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவப் பதினான்கு இணைப்புத் துண்டுகள் எல்லாம் சேர்ந்து அவர்கள் கணக்கில் மூன்று நிமிடம். ஒப்பந்தம் போடும்போதே அடுக்குகளையும் துண்டுகளையும் தனித்தனியாக எண்ணி எழுதச் சொல்லுங்கள்.

கெட்டி மேளம் என்றதும் ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. இப்போது கல்யாணங்களில் தாலியைக் கையில் பிடித்தபடி "சார், இங்க பாருங்க, இன்னொரு தடவை" என்று புகைப்படக்காரர் நிறுத்துகிறார். எழுபது வயதுத் தவில்காரர் அதுவரை கை ஓயாமல் அடிக்க வேண்டியிருக்கிறது. அவருக்குச் சாப்பாடு கடைசிப் பந்தியில். கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், தெரிந்தே எழுதுகிறேன்.

எல்லா கேமுக்கும் இவ்வளவு வேண்டுமா என்று கேட்பீர்கள். வேண்டாம். கட்டம் நிரப்புகிற விளையாட்டுக்கு நல்ல லூப் ஒன்று போதும். அதையும் எம்பி3 கோப்பாகக் கொடுக்காதீர்கள். அந்த வடிவம் தொடக்கத்தில் துளி மௌனத்தைச் சேர்த்துவிடும், சுற்று முடிகிற இடத்தில் இடறும். ஓஜிஜி (OGG) கோப்பாகக் கொடுங்கள்.

இப்படி மாறுகிற இசையைக் கேமுக்குள் பொருத்த உதவும் மென்பொருள்களான எஃப்மாட் (FMOD), வைஸ் (Wwise) இரண்டும் கற்றுக்கொள்ள இலவசம்தான். அதற்கு முன் இதைச் செய்து பாருங்கள். அமைதியாக ஒன்று, பரபரப்பாக ஒன்று என இரண்டு மெட்டு எடுத்துக்கொள்ளுங்கள். முதலாவதை வாசிக்கும்போது வீட்டில் யாரையாவது அவர்கள் இஷ்டப்பட்ட நேரத்தில் கை தட்டச் சொல்லுங்கள். தட்டிய ஒரு ஆவர்த்தனத்துக்குள் இரண்டாவதுக்குப் போக வேண்டும். அடுத்த தட்டுக்குத் திரும்பி வர வேண்டும். பதிவு செய்து இங்கே போடுங்கள், கேட்டுவிட்டுச் சொல்கிறேன்.