ஜெட் படகின் கிரீஸ் நிப்பிள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

ஜெட் படகு (தண்ணீரை உறிஞ்சிப் பின்னால் பீய்ச்சி ஓடும் படகு) வைத்திருப்பவர்கள் இந்த முறை அனுப்பிய கேள்விகளில் பெரும்பாலானவை, கிரீஸை உள்ளே செலுத்தும் வாயான, விரல் நுனி அளவே உள்ள கிரீஸ் நிப்பிளைப் பற்றியவை. அதைக் கவனிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதை நான் கண்ணால் பார்த்தவன். அதனால் சில பதில்கள் கொஞ்சம் நீண்டுவிட்டன.

கே: புரொப்பெல்லர் மோட்டாரை விட்டு அவுட்போர்டு ஜெட்டுக்கு (படகின் பின்னால் வெளியே மாட்டும் ஜெட்) மாறியிருக்கிறேன். பழைய மோட்டாருக்கு நூறு மணி நேரத்துக்கு ஒருமுறை கிரீஸ் அடித்தேன். இப்போது கையேட்டில் பத்து மணி நேரம் என்று போட்டிருக்கிறது. உண்மையிலேயே இவ்வளவு அடிக்கடி தேவையா? (கிறைஸ்ட்சர்ச் வாசகர்)

தேவை. பழைய மோட்டாரில் நீங்கள் கிரீஸ் வைத்ததெல்லாம் திரும்பும் பிராக்கெட், தூக்கி இறக்கும் குழாய் போன்ற மெதுவாக அசையும் இடங்களுக்கு. அவுட்போர்டு ஜெட்டில் அந்த நிப்பிள், எஞ்சினின் சுழற்சியைக் கீழே கொண்டுசெல்லும் டிரைவ் ஷாஃப்டைத் தாங்கும் பேரிங்குக்குப் போகிறது. கீழே கியர்பாக்ஸ் இல்லை, கியர் ஆயிலும் இல்லை. எஞ்சின் எந்த வேகத்தில் சுற்றுகிறதோ அதே வேகத்தில் அந்த பேரிங்கும் சுற்றுகிறது. அதற்கு வழுக்கலைத் தருவதும் கிரீஸ்தான், ஆற்றுத் தண்ணீரை உள்ளே விடாமல் தடுப்பதும் கிரீஸ்தான்.

உங்கள் ஊர் ஆறுகளையும் கணக்கில் எடுங்கள். நியூசிலாந்தில் கேன்டர்பரியின் ஆழமில்லாத கூழாங்கல் ஆறுகளில் ஓட்டுவதற்காகத்தான் அந்நாட்டின் பில் ஹாமில்டன் 1950-களில் ஜெட் படகை உருவாக்கினார். அங்குள்ள ராகாயா, வைமாக்காரிரி ஆறுகளில் பனிமலையிலிருந்து வரும் தண்ணீரில் மாவு போன்ற வண்டல் கலந்திருக்கும். பேரிங்குக்குள் தண்ணீர் புகாமல் அடைக்கும் சீலில் சிறு இடுக்கு இருந்தாலும் போதும், அது உள்ளே போய்விடும்.

செய்முறை எளிது. பேரிங்கிலிருந்து வந்து நிப்பிளில் மாட்டியிருக்கும் ரப்பர் ஹோஸைப் பிடுங்குங்கள். நிப்பிளைத் துணியால் துடையுங்கள். துடைக்காவிட்டால் அதன் மேல் ஒட்டிய மணலை நீங்களே உள்ளே தள்ளுவீர்கள். ஹோஸின் நுனியில் கிரீஸ் எட்டிப் பார்க்கும் வரை கிரீஸ் கன்னை (கிரீஸை அழுத்தித் தள்ளும் கைக்கருவி) நிப்பிளில் மாட்டி அடியுங்கள். ஹோஸைத் திரும்ப மாட்டுங்கள். படகை வீட்டுக்குக் கொண்டுவந்து நிறுத்தும் ஒவ்வொரு முறையும் இதைச் செய்வது நல்லது. முப்பது மணி நேரத்துக்கு ஒருமுறை கூடுதலாக அடித்து, தங்கிய ஈரத்தை வெளியே தள்ளிவிடுங்கள்.

கே: ஹோஸிலிருந்து பால் கலந்த டீ போல கிரீஸ் வந்தது. பயப்பட வேண்டுமா?

முதலில், அதைக் கவனித்ததற்குப் பாராட்டு. உள்ளே போகும் கிரீஸை எல்லோரும் பார்க்கிறார்கள், வெளியே வருவதைத்தான் பார்ப்பதில்லை.

பால் நிறம் என்றால் தண்ணீர் கலந்திருக்கிறது. நிறம் தெளியும் வரை அடியுங்கள். அடுத்த பத்து மணி நேரம் ஓட்டியபின் மறுபடி பாருங்கள். திரும்பவும் பாலாக வந்தால் சீல் போய்விட்டது, மாற்றுங்கள்.

நிறத்தோடு நிறுத்தாதீர்கள். பட்டாணி அளவு எடுத்துக் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்துத் தேயுங்கள். வெண்ணெய் போல வழுக்கினால் சரி. நறநறவென்றால் மணல் போயிருக்கிறது, அல்லது பேரிங் தேய்கிறது. வெயிலில் காட்டும்போது ஊசி முனையளவு மினுக்கம் தெரிந்தால் அது உலோகம், அதற்குமேல் ஓட்டாதீர்கள்.

ஒரு மாலை இருட்டும் நேரத்தில் என் படகுக்கே அவசரமாக நாலு முறை கிரீஸ் அடித்துவிட்டு, வெளியே வந்ததைப் பார்க்காமல் துடைத்துப் போட்டேன். அடுத்த பயணத்தில் கீழிருந்து ஓர் உறுமல் சத்தம். பேரிங் ஆடி, ஷாஃப்ட் ஆடி, தண்ணீரைத் தள்ளும் சக்கரமான இம்பெல்லர், அதைச் சுற்றியிருக்கும் உறையான லைனரில் உரசியிருந்தது. அந்த இரண்டுக்கும் நடுவே இருக்க வேண்டிய இடைவெளி ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. பேரிங்கோடு முடிந்திருக்க வேண்டிய செலவு இம்பெல்லர், லைனர் என்று நீண்டது.

கே: லாரிக்கு வாங்கிய கிரீஸ் அரை டப்பா மிச்சம் இருக்கிறது. போடலாமா?

வேண்டாம். தண்ணீரில் கரைந்து போகாத மரைன் கிரீஸ், அதுதான் வேண்டும். அவுட்போர்டு ஜெட்டுக்குப் பரிந்துரைக்கப்படுவது லூப்ரிபிளேட் 630-ஏஏ, லித்தியம் கிரீஸ். அதோடு களிமண் அடிப்படையிலான கிரீஸோ பாலியூரியா என்ற வேறு வகை கிரீஸோ கலந்தால் இளகிக் கூழாகி ஓடிவிடக்கூடும். ஒரே வகையில் நில்லுங்கள்.

கே: கன்னை எவ்வளவு அழுத்தினாலும் நிப்பிள் கிரீஸை வாங்க மாட்டேன் என்கிறது.

கன்னின் வாய் நேராக உட்கார்ந்திருக்கிறதா பாருங்கள். சரியாக இருந்தால் நிப்பிளைக் கழற்றி, தனியே கன்னில் மாட்டி அடியுங்கள். அப்போதும் வரவில்லையென்றால் உள்ளே இருக்கும் சின்னக் குண்டு இறுகியிருக்கிறது. புதியது போடுங்கள், விலை சொற்பம். தனியே அடிக்கும்போது நிப்பிள் வழியாக கிரீஸ் வந்தால், அடைப்பு அதற்குப் பின்னால் இருக்கிறது. அதைப் பலத்தால் திறக்க முயலாதீர்கள், சீல் பிதுங்கிவிடும்.

இதைக் கவனமாகப் படியுங்கள்: கைக் கன்னிலேயே ஆயிரக்கணக்கான பி.எஸ்.ஐ. அழுத்தம் உருவாகும். கசிகிறதா என்று விரலை வைத்துப் பார்க்கவே கூடாது. கிரீஸ் தோலைத் துளைத்து உள்ளே போனால் வெளியே ஊசி குத்திய புள்ளிதான் தெரியும், வலிகூட முதலில் இருக்காது. உடனே மருத்துவமனைக்குப் போங்கள். சில மணி நேரத் தாமதத்தில் விரலையே இழந்தவர்கள் உண்டு.

கே: என்னுடையது இன்போர்டு ஜெட் (எஞ்சின் படகுக்குள்ளேயே இருப்பது). இதற்கும் வெளியே வரும் வரை அடிக்கலாமா?

கையேடு அப்படிச் சொன்னால் மட்டும். பழைய கிரீஸ் வெளியேற வழியில்லாத பேரிங்கை நிரப்பித் தள்ளினால் அது கிரீஸைக் கடைந்தே சூடேறும். கையேட்டில் கிராம் கணக்கு இருந்தால், கன்னைப் பத்து முறை அழுத்தி, வரும் கிரீஸைச் சமையலறைத் தராசில் நிறுத்துப் பத்தால் வகுத்துக்கொள்ளுங்கள். உங்கள் கன்னை ஒருமுறை அழுத்தினால் எத்தனை கிராம் வரும் என்று தெரிந்துவிடும்.

கே: டிடிமோ என்ற பாசி ஓர் ஆற்றிலிருந்து இன்னோர் ஆற்றுக்குப் பரவாமல் இருக்கப் படகை சோப்புத் தண்ணீரில் கழுவுகிறோம். கிரீஸ் அதற்கு முன்பா, பின்பா?

பின்பு. கழுவி, காயவிட்டு, கிரீஸ் அடியுங்கள். வெளியேறும் பழைய கிரீஸைத் துணியில் பிடித்து வீட்டுக்கு எடுத்துவாருங்கள். ஒரு துளிகூட ஆற்றில் விழக்கூடாது.