வார இறுதியில் நண்பர்கள் கூடினால் வெயில், சினிமா, மியூசியம் என்றே பேச்சு ஓடுகிறது. இதிலிருந்து நழுவுவது எப்படி?

நழுவ வேண்டாம் என்பதே என் பதில். ஆனால் அதை மட்டும் சொல்லிவிட்டுப் போனால் உங்களுக்குக் கோபம் வரும் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

கூடியிருக்கும் அந்த இரண்டு மூன்று மணி நேரத்தில் முதலீட்டைப் பற்றியோ புதிய தொழில்நுட்பத்தைப் பற்றியோ பேசினால் பயனுண்டு என்று வருத்தப்பட்டிருக்கிறீர்கள். எழுதியிருக்கும் தோரணையைப் பார்த்தால் உங்களுக்கு வயது முப்பதுக்குள் இருக்கும், வேலை சென்னையிலோ பெங்களூரிலோ இருக்கும், வாரம் முழுவதும் கணக்குப் பார்த்துச் செலவழிக்கும் நேரத்தை ஞாயிற்றுக்கிழமையும் அப்படியே செலவழிக்க வேண்டும் என்ற பதற்றம் இருக்கும் என்று எண்ணுகிறேன். என் தங்கை மகனும் இதே குறையை என் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறான். "பெரியம்மா, வானத்தைப் பத்தியே இவ்வளவு நேரம் பேச முடியுமா?" என்று கேட்டான்.

முடியும். நான் காரைக்குடிக்குப் பக்கத்து ஊரில் வசிக்கும் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை. ஞாயிறு பிற்பகலில் நாங்கள் சில பேர் கூடுவது ஓர் ஆச்சியின் வீட்டுப் பட்டாலை எனப்படும் கூடத்தில். மற்ற பங்காளிகள் சென்னையிலும் சிங்கப்பூரிலுமாக இருப்பதால், பல புள்ளிகளுக்கு, அதாவது குடும்பங்களுக்கு, பாத்தியப்பட்ட அந்தப் பெரிய வீட்டின் சாவி அவரிடமே இருக்கிறது. நான் நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார், அல்ல. அந்த வீடுகள் இருக்கும் தெருவுக்கு அடுத்த தெருவில் வளர்ந்தவள், அவ்வளவுதான். சொந்தப் பெருமை பேசுகிறாள் என்பவர்களுக்காகவும், இவளுக்கு என்ன உரிமை என்பவர்களுக்காகவும் இதை முன்கூட்டியே சொல்லி வைக்கிறேன். இந்தத் தளத்தில் இரண்டு வகையினரும் உண்டு.

எங்கள் பக்கத்தில் மழையைப் பற்றிய பேச்சு உண்மையில் வீட்டைப் பற்றிய பேச்சு. ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை பிடிக்கும் வரை இது வானம் பார்த்த பூமி. ஆகவே விழும் மழையில் ஒரு சொட்டும் வீணாகக் கூடாது என்ற கணக்கில்தான் இந்த வீடுகளைக் கட்டியிருக்கிறார்கள். வளவு என்கிற உள்கட்டின் நடுவே வானம் பார்க்கத் திறந்திருக்கும் முற்றத்தை, எங்கள் பேச்சில் வாசலை, நோக்கி நான்கு பக்கத்துக் கூரையும் சரிந்திருக்கும். அடுக்கடுக்காக வேய்ந்த நாட்டு ஓட்டில் வழிந்து வரும் நீர் அண்டாக்களில் நிறைந்தது போக, மிச்சம் வாசலின் அடிக்கால்வாய் வழியாகத் தெருவுக்கும், அங்கிருந்து ஊர்க் குளமான ஊரணிக்கும் போகும். "நேத்து மழையில உங்க வளவுல தண்ணி நின்னுச்சா?" என்று ஒருவர் கேட்டால், அடிக்கால்வாய் அடைத்திருக்கிறதா, மூலை ஓடு நகர்ந்திருக்கிறதா, ஊரணிக்கு வரத்து இருக்கிறதா என்பதையெல்லாம் சேர்த்தே கேட்கிறார். பழைய சாலையைத் தோண்டாமல் அதன் மேலேயே புதிய சாலையைப் போட்டுப் போட்டுத் தெரு உயர்ந்துவிட்டதால், வெளியே போக வேண்டிய நீர் இப்போது வீட்டுக்குள் திரும்பி வருகிறது. செட்டிநாட்டு ஊர்கள் 2014-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான தற்காலிகப் பட்டியலில் இடம்பெற்றதை எங்களிடம் பெருமையாகச் சொல்லிவிட்டுப் போகிறவர்கள், இந்தச் சாலை மட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக் கேட்டதில்லை.

சினிமாவும் அப்படித்தான். 1940-களில் ஏ.வி. மெய்யப்பச் செட்டியார் காரைக்குடியில், தேவகோட்டை ரஸ்தாவில், ஸ்டூடியோ அமைத்துப் படமெடுத்தார். 1947-ல் வெளிவந்த 'நாம் இருவர்' அங்கே எடுக்கப்பட்டதுதான். பிறகு ஸ்டூடியோ சென்னைக்குப் போய்விட்டது. படப்பிடிப்புக் குழுக்கள் மட்டும் பெரிய வீடுகளைத் தேடி இன்றும் வந்துகொண்டிருக்கின்றன. திரையில் ஒரு வளவு தெரிந்தால் போதும், அது எந்த ஊர், எந்த வீடு என்று எங்களுக்குள் வழக்கே நடக்கும். கதையை யாரும் கவனிப்பதில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். தபால் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற தோழி ஒருவர், தூணின் உச்சியில் இருக்கும் போதிகையை வைத்தே வீட்டைச் சொல்லிவிடுவார்.

ஆச்சியின் வீட்டையும் ஒரு குழு வாடகைக்கு எடுத்தது. எந்தக் குழு என்பது இங்கே தேவையில்லை. அந்த வீட்டின் சுவர், முட்டை வெள்ளைக்கரு சேர்த்த சுண்ணாம்பைப் பூசி, இழைத்து இழைத்துப் பளபளப்பாக்கிய சுவர். கத்திரி வெயிலிலும் கன்னத்தை வைத்தால் குளுமையாக இருக்கும். காட்சிக்கு நிறம் பொருந்தவில்லை என்று அதன் மேல் பிளாஸ்டிக் பெயின்ட் அடித்துவிட்டார்கள். போகும்போது பழையபடி ஆக்கித் தருவதாகச் சொன்னவர்கள், போனபின் தொலைபேசியை எடுக்கவில்லை. அடுத்த மழைக்காலத்தில் சுவர் முழுவதும் கொப்பளம் கொப்பளமாக எழும்பி உப்புப் பூத்தது. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உறிஞ்சித் தானே வெளியேற்றும் தன்மையுடையது. மேலே பெயின்ட் மூடிக்கொண்டால் ஈரம் உள்ளேயே தங்கிப் பூச்சைப் பெயர்த்துவிடும். ஆச்சியின் மகன் சென்னையிலிருந்து ஓர் ஒப்பந்தக்காரரை அனுப்பினார். அவர் பெயர்த்துவிட்டு சிமென்ட் பூசலாம் என்றார். அன்று பட்டாலையில், வழக்கமான மழைப் பேச்சுக்கு நடுவில்தான், தபால் நிலையத் தோழி தம் பங்காளி வீட்டில் சுண்ணாம்பு வேலை செய்த ஒரு வயதான கொத்தனாரைப் பற்றிச் சொன்னார். அந்தக் கொத்தனார் வந்து பார்த்து, பெயின்ட்டைச் சுரண்டி எடுத்து ஒரு கோடை முழுக்கக் காயவிட வேண்டும், பிறகு நீற்றிய சுண்ணாம்பைத்தான் பூச வேண்டும், சிமென்டைக் கிட்டவே கொண்டுவரக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். அதன்படியே நடந்தது. இதை இணையத்திலேயே தேடியிருக்கலாமே என்று நீங்கள் சொல்லக்கூடும். தேடியிருக்கலாம், ஆனால் அந்தக் கொத்தனாரிடம் கைப்பேசியே கிடையாது.

மியூசியத்துக்கு வருகிறேன். கீழடியில் 2023-ல் திறக்கப்பட்ட அருங்காட்சியகம் செட்டிநாட்டு வீட்டின் பாணியில் கட்டப்பட்டது. எங்கள் மாவட்டமே ஆதலால் நாங்கள் ஒரு வேன் பிடித்துப் போனோம். மற்றவர்கள் பானைகளையும் மணிகளையும் பார்க்க, ஆச்சி கட்டடத்தைப் பார்த்தார். தூணைத் தட்டிப் பார்த்தார், தாழ்வாரத்தின் சரிவை அண்ணாந்து பார்த்தார், அங்கே நின்ற காவலரிடம் போய், "ஏந்தம்பி, மழ பேஞ்சா தண்ணி எங்கிட்டுப் போகும்?" என்று கேட்டார். அந்தப் பிள்ளை திகைத்துப்போனது. பிறகு தமிழி என்கிற பழந்தமிழ் எழுத்தில் 'ஆதன்' என்று கீறிய பானை ஓட்டின் முன்னால் ஆச்சி நெடுநேரம் நின்றார். "நாமளும் பேரு வெட்டித்தானே வைக்கிறோம், டீச்சர்" என்றார்.

உங்களுக்குத் தெரிந்திருக்காது என்பதால் சொல்கிறேன். நகரத்தார் வீடுகளில் பெண்ணுக்குச் சீராகக் கொடுக்கும் வெண்கலப் பானையிலிருந்து எவர்சில்வர் கரண்டி வரை எல்லாவற்றிலும் விலாசத்தை, அதாவது உரியவரின் பெயர் அடையாளத்தை, வெட்டிவிடுவார்கள். பங்கு பிரிந்து வீடு கைமாறும்போது அந்தச் சாமான்கள் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் இருக்கும் பழம்பொருள் கடைகளுக்கு வந்து சேரும். யாரோ ஓர் ஆச்சியின் பெயர் வெட்டிய அண்டாவை வெளியூர்க்காரர் பூத்தொட்டி வைப்பதற்காக விலை பேசுவதை நானே பார்த்திருக்கிறேன். திரும்பும் வழியில் வேனில் இதைப் பற்றித்தான் பேச்சு. தம் அறையில் பூட்டிக் கிடக்கும் சாமான்களை என்ன செய்வது என்பதை ஆச்சி முதல்முறையாக வாய்விட்டுப் பேசினார். பிள்ளைகளிடம் கேட்டால் வித்துவிடு என்கிறார்கள், விற்க மனம் வரவில்லை, வைத்துக் காக்கவும் உடம்பில் தெம்பில்லை என்றார். "ஆச்சி, உங்கள் சாமான்களை என்ன செய்யப் போகிறீர்கள்?" என்று நேராகக் கேட்க எங்களில் யாருக்கும் துணிவு வந்திருக்காது. ஒரு பானை ஓட்டைச் சாக்காக வைத்துத்தான் அந்தப் பேச்சு வந்தது. இப்போது வாரம் ஓர் அலமாரியாகத் திறந்து, எது யாருடைய சீர் என்று கேட்டு ஒரு நோட்டில் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

எல்லா அரட்டையும் இப்படிப் பலன் தரும் என்று நான் சொல்லவில்லை. வெயில் அதிகம் என்று ஆரம்பித்து வெயில் அதிகம் என்றே முடியும் ஞாயிற்றுக்கிழமைகளும் எங்களுக்கு உண்டு. உங்கள் நண்பர்கள் உண்மையிலேயே சலிப்பூட்டுகிறவர்களாகவும் இருக்கலாம். அதை நான் இங்கிருந்து அறிய முடியாது. ஆனால் அடுத்த முறை யாராவது மழையைப் பற்றி ஆரம்பித்தால், கைப்பேசியை எடுக்காமல், அவர் வீட்டில் எங்கே ஒழுகுகிறது என்று கேட்டுப் பாருங்கள்.

அடுத்ததாகப் புதுக்கோட்டைக்குப் போவதாகப் பேச்சு. திருக்கோகர்ணத்தில் 1910-ல் தொடங்கிய அரசு அருங்காட்சியகத்தில் செப்புத் திருமேனிகளும் பழைய நாணயங்களும் பாடம் செய்த விலங்குகளும் இருக்கின்றன. தபால் நிலையத் தோழி நாணயங்களுக்காக வருகிறார். ஆச்சி, மழை பிடிப்பதற்குள் போய்விட வேண்டும் என்கிறார். வேனுக்கு யார் சொல்வது என்பதில்தான் இன்னும் உடன்பாடு வரவில்லை.